தாதியரின் உறவாடல் திறனை அளப்பது எப்படி: வார்டில் பணிபுரிவோருக்கான வழிகாட்டி

நீரிழிவால் காலில் வந்த புண்ணுக்குச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில், எழுபது வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டி தம்மைக் கவனித்த தாதியைப் பற்றி என்னிடம், "மிஸ்ஸி தங்கமான பிள்ளைம்மா, ஒரு குறையும் சொல்ல முடியாது" என்றார். பையிலிருந்த மருந்துகளை எடுத்துக் காட்டி, எதைச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டும், எதைப் பின் போட வேண்டும் என்று நான் கேட்டபோது அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. புண்ணில் எந்த மாற்றத்தைக் கண்டால் காத்திராமல் திரும்பி வர வேண்டும் என்பதும் தெரியவில்லை. அன்று காலை அனைத்தும் விளக்கப்பட்டதாகக் குறிப்பேட்டில் தாதியின் கையெழுத்து இருந்தது. அவர் பொய் எழுதவில்லை. மலாய் மொழியில் பொறுமையாக விளக்கினார், மூதாட்டி தலையாட்டினார், இருவரும் ஒருவரையொருவர் மதித்தார்கள், செய்தி மட்டும் போய்ச் சேரவில்லை.

மலேசியாவின் பினாங்கில் முதலில் வார்டுத் தாதியாகவும் பின்னர் பயிற்றுநராகவும் பல ஆண்டுகள் பணியாற்றிய எனக்கு, உறவாடல் திறனை அளப்பது பற்றிய யோசனை அந்த மருந்துப் பையிலிருந்துதான் தொடங்கியது. அந்த மூதாட்டியிடம் மனநிறைவு பற்றிய வினாநிரலைக் கொடுத்திருந்தால் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். தாதியிடம் சுயமதிப்பீட்டுப் படிவத்தைக் கொடுத்திருந்தாலும் அப்படியே. அருகில் நின்று பார்த்த ஒருவர் இருந்திருந்தால் மட்டுமே, விளக்கம் முடிந்த பிறகு "நான் சொன்னதை நீங்க ஒரு தடவை சொல்லுங்க" என்று கேட்கப்படவில்லை என்பது பதிவாகியிருக்கும். ஆகவே, தம் வார்டில் அல்லது பயிற்சிக் கல்லூரியில் இந்த அளவீட்டைத் தொடங்க விரும்புவோர், தாதியின் சொல், நோயாளியின் சொல், பார்வையாளரின் கண் என்னும் மூன்றும் மூன்று வேறு பொருள்களை அளக்கின்றன என்பதை முதலிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒன்றை மற்றொன்றுக்கு மாற்றாகப் பயன்படுத்தக் கூடாது.

எதை அளக்கப் போகிறோம்

அன்பானவரா, பொறுமைசாலியா என்று குணத்தை அளக்கப் புகுந்தால் வேலை அங்கேயே தடம் மாறிவிடும். குணம் கண்ணுக்குத் தெரியாது, செயல் தெரியும். தாதியத்தில் இந்த உறவை ஒரு தொழில்முறைச் செயலாக முதன்முதலில் முறைப்படி விளக்கியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கத் தாதி ஹில்டகார்ட் பெப்லாவ். தாதிக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவு அறிமுகம், அடையாளங்காணல், பயன்கொள்ளல், நிறைவு என நான்கு கட்டங்களாக நகர்கிறது என்று 1952ஆம் ஆண்டில் அவர் எடுத்துரைத்தார். முதல் கட்டத்தில் இருவரும் அந்நியர்கள். இரண்டாம் கட்டத்தில் தமக்கு உதவக்கூடியவர் யார் என்று நோயாளி கண்டுகொள்கிறார். மூன்றாம் கட்டத்தில் அந்த உதவியை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்கிறார். கடைசிக் கட்டத்தில் அந்த உதவியின் தேவையிலிருந்து விடுபடுகிறார். அளவீட்டுக்கு இதனால் கிடைக்கும் பயன் பெரிது. நோயாளி வார்டுக்கு வந்து சேர்ந்த முதல் மணி நேரத்தில் ஒரு தாதியிடம் எதிர்பார்க்கும் திறனும், வீட்டுக்கு அனுப்பும் அரை மணி நேரத்தில் எதிர்பார்க்கும் திறனும் ஒன்றல்ல. எந்தக் கட்டத்தில் அளந்தோம் என்று எழுதப்படாத மதிப்பெண்ணை நான் நம்புவதில்லை.

அதன் பிறகு, திறனைக் கண்ணால் காணக்கூடிய செயல்களாக உடைக்க வேண்டும். என் அனுபவத்தில் ஆறு செயல்கள் போதும்: தம் பெயரையும் செய்யப்போகும் வேலையையும் சொல்லித் தொடங்குதல், நோயாளியை அவர் விரும்பும் முறையில் அழைத்தல், குறுக்கிடாமல் கேட்டல், அச்சமோ கவலையோ தென்படும்போது அதைக் குறிப்பிட்டுப் பேசுதல், விளக்கியது புரிந்ததா என்று சரிபார்த்தல், விடைபெறும்போது அடுத்து யார் எப்போது வருவார் என்று சொல்லுதல். இதற்கு மேல் சேர்த்தால் பார்வையாளரின் கவனம் சிதறும். சக தாதியரோடும் மருத்துவரோடும் பேசும் திறன், பணி ஒப்படைக்கும் திறன் ஆகியவையும் உறவாடல் திறன்களே; ஆனால் அவற்றைத் தனிப் படிவத்தில் அளக்க வேண்டும். இரண்டையும் ஒரே மொத்த மதிப்பெண்ணில் கலந்தால், மருத்துவரிடம் தெளிவாகப் பேசி நோயாளியிடம் முகம் கொடுக்காதவரும், அதற்கு நேர்மாறானவரும் ஒரே எண்ணில் வந்து நிற்பார்கள்.

ஏற்கெனவே உள்ள கருவிகள்

புதிதாக ஒன்றை உருவாக்கும் முன், உள்ளவற்றைப் பார்ப்பது நல்லது. பிலடெல்பியாவின் தாமஸ் ஜெபர்சன் பல்கலைக்கழகத்தில் உருவான ஜெபர்சன் ஒத்துணர்வு (பிறர் நிலையை அவர் இடத்தில் நின்று புரிந்துகொள்ளுதல்) அளவுகோலில் 20 கூற்றுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஏழு நிலைகள். மொத்தம் 20 முதல் 140 வரை. சுகாதாரப் பணியாளருக்கென்று தனி வடிவமும் அதற்கு உண்டு. இது தாதியே தம்மைப் பற்றி நிரப்புவது. எனவே ஒத்துணர்வு பற்றிய மனப்பாங்கை அளக்கிறதே தவிர, படுக்கையருகே நடந்ததை அளப்பதில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஸ்டூவர்ட் மெர்சரும் அவருடைய சகாக்களும் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட கேர் அளவுகோலை நோயாளி நிரப்புகிறார். 10 கேள்விகள், ஐந்து நிலைகள், 10 முதல் 50 வரை மதிப்பெண், கூடவே 'பொருந்தாது' என்ற விடையும் உண்டு. தாதியரின் பரிவுச் செயல்களுக்காகவே அமைந்த கருவிகளும் உள்ளன. ஸேன் ராபின்சன் வுல்ஃபும் உடன் ஆய்வாளர்களும் உருவாக்கிய பரிவு நடத்தைப் பட்டியல் அவற்றுள் ஒன்று. எந்தக் கருவியை எடுத்தாலும், உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதியை முதலில் பெறுங்கள். கட்டணம் வாங்கும் கருவியை நகலெடுத்து வார்டில் சுற்றுக்கு விடுவது தவறு.

கேர் போன்ற கருவிகள் ஒரு மருத்துவரும் ஒரு நோயாளியும் ஓர் அறையில் சந்திக்கும் நிலையை மனத்தில் வைத்துப் பிறந்தவை. தாதியப் பணி அப்படி நடப்பதில்லை. மூன்று ஷிஃப்டுகள் மாறி மாறி வர, நான்கு நாள் தங்கும் நோயாளி எத்தனையோ தாதியரைச் சந்திக்கிறார். "உங்கள் தாதி" என்று கேட்டால் அவர் யாரை நினைத்து விடை சொல்கிறார் என்பது நமக்குத் தெரியாது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. வார்டு முழுவதற்கும் ஒரே மதிப்பீடாகப் பெற்று, தனியொருவர் மீது ஏற்றாமல் விடுவது முதல் வழி. தனி ஒருவரின் திறனைத்தான் அறிய வேண்டுமென்றால், இன்சுலின் ஊசி போடக் கற்றுக்கொடுத்தது, புண்ணுக்குக் கட்டு மாற்றியது, வீட்டுக்கு அனுப்பும்போது விளக்கியது போன்ற ஒரே ஒரு சந்திப்பைக் குறித்து, அது முடிந்த கையோடு கேட்பது இரண்டாம் வழி.

தமிழில் கேட்பது

இந்தப் பகுதியில் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. இங்கே நேரும் பிழைகளைப் பிறகு எந்தக் கணக்காலும் திருத்த முடியாது.

வேற்றுமொழிக் கருவியைத் தமிழாக்கும் முறை எல்லாரும் அறிந்ததே. இருவர் தனித்தனியே மொழிபெயர்ப்பார்கள். இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்குவார்கள். மூலத்தைக் காணாத வேறொருவர் அதை மூலமொழிக்குத் திருப்புவார். முதல் மூலமும் திருப்பி வந்த வடிவமும் ஒத்துப்போகின்றனவா என்று குழு பார்க்கும். ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970ஆம் ஆண்டில் விவரித்த இந்த மறுமொழிபெயர்ப்பு முறை தேவையானதுதான், ஆனால் போதாது. படித்தவர்கள் மூவர் சேர்ந்து படித்தவர்களுக்கு மட்டுமே புரியும் தமிழைச் செய்து, அதைப் பிசகில்லாமல் திருப்பிவிடவும் முடியும். 'ஒத்துணர்வு' என்ற சொல் அப்படிப்பட்டது. திருப்பினால் மூலச்சொல் அப்படியே வந்து நிற்கும். பாயான் லெப்பாசிலிருந்து வந்து படுத்திருக்கும் ஓய்வுபெற்ற தொழிற்சாலைத் தொழிலாளிக்கோ அது ஒன்றும் சொல்லாது. 'அனுதாபம்' என்று மாற்றினால் இரக்கம் என்று பொருள்கொள்வார். "என்னைப் பார்த்து யாரும் இரக்கப்பட வேண்டாம்" என்று ஒரு முதியவர் படிவத்தைத் திருப்பிக் கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். "உங்க கஷ்டம் என்னன்னு மிஸ்ஸிக்குப் புரிஞ்சுச்சுன்னு உங்களுக்குத் தோணுச்சா?" என்று கேட்டால் எல்லாரும் விடை சொல்கிறார்கள்.

தமிழ்நாட்டில் ஆக்கப்பட்ட வடிவம் கைக்குக் கிடைத்தாலும் அப்படியே பயன்படுத்தக் கூடாது. அங்கே 'செவிலியர்' என்பது இங்கே எழுத்தில் 'தாதி', பேச்சில் 'மிஸ்ஸி'. 'அறுவை சிகிச்சை' என்று படித்துக் காட்டினால் விழிப்பவர் 'ஆப்பரேசன்' என்றதும் தலையசைப்பார். இன்னொன்றையும் நம் ஊரில் மறக்கக் கூடாது: மலாய் வழியில் கற்பிக்கும் தேசியப் பள்ளியில் படித்த தமிழர் பலர் வீட்டில் சரளமாகத் தமிழ் பேசினாலும் தமிழ் எழுத்தைப் படிக்க மாட்டார்கள். அவர்களிடம் தமிழ்ப் படிவத்தை நீட்டினால் வெட்கத்தால் எதையாவது குறித்துத் தருவார்கள். எனவே அச்சு வடிவத்தோடு, பேச்சுத் தமிழில் எழுதிய வாசிப்பு வடிவம் ஒன்றும் கட்டாயம் வேண்டும். அதைக் கேட்பவர் தம் விருப்பப்படி மாற்றாமல், எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே வாசிக்க வேண்டும்.

எதிர்மறைக் கூற்றுகள் தமிழில் தனிச் சிக்கல். ஜெபர்சன் அளவுகோலின் கூற்றுகளில் பாதி எதிர்மறையாக அமைந்தவை. ஒரே விடையை வரிசையாகக் குறித்துக்கொண்டே போவதைத் தடுக்க இந்த உத்தி பயன்படுகிறது. ஆனால் "மிஸ்ஸி உங்க பேச்சைக் கவனிக்காம இருந்தாங்களா?" என்று வாய்மொழியாகக் கேட்டு "இல்ல" என்று விடை வந்தால், அது 'அப்படி இல்லை, கவனித்தார்' என்பதா, 'கவனிக்கவில்லை' என்பதா? "ஆமா" என்றாலும் இதே ஐயம். முதியவர்களுக்கு வாசித்துக் காட்டும் வடிவத்தில் எதிர்மறைக் கூற்றுகளைத் தவிர்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. மூலக் கருவியின் அமைப்பு அதை அனுமதிக்காவிட்டால், அந்தக் கருவியை இந்த நோயாளிகளிடம் பயன்படுத்த வேண்டாம்.

விடை நிலைகளும் அப்படித்தான். 'ஓரளவு ஒப்புக்கொள்கிறேன்' என்பதற்கும் 'சற்றே ஒப்புக்கொள்கிறேன்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை வலியில் படுத்திருப்பவரிடம் எதிர்பார்க்க முடியாது. சொந்தமாகக் கருவி அமைப்போர், 'எப்போதும், பல தடவை, சில தடவை, ஒரு தடவைகூட இல்லை' என்று நான்கு நிலைகளோடு நிறுத்தி, நிறைந்த குவளை முதல் காலிக் குவளை வரை நான்கு படங்களை அட்டையில் வரைந்து காட்டினால் விடைகள் தெளிவாக வருகின்றன. பிறர் உருவாக்கிய கருவியின் நிலைகளை இப்படிக் குறைத்தால் அதன் மதிப்பெண்ணை மற்ற ஆய்வுகளோடு ஒப்பிட முடியாமல் போகும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

சில கேள்விகள் மொழியில் சரியாக இருந்தும் வாழ்க்கையில் பொருந்தா. "சிகிச்சை முடிவுகளில் தாதி உங்களைப் பங்காளியாக நடத்தினாரா?" என்றதற்கு, "முடிவெல்லாம் டாக்டரு எடுப்பாருல்ல, மிஸ்ஸி என்ன செய்வாங்க" என்று ஓர் அம்மா சொன்னார். "செய்யறதுக்கு முன்னாடி என்ன செய்யப் போறேன்னு சொல்லி, உங்களுக்குச் சரியான்னு கேட்டாங்களா?" என்று மாற்றியதும் அவர் யோசித்து, "ஊசி போடறப்ப கேட்டாங்க, டியூப் எடுக்கறப்ப கேக்கல" என்று நுட்பமாகப் பிரித்துச் சொன்னார். இத்தகைய பொருத்தப்பாட்டை, அளவீடு தொடங்கும் முன், ஏழெட்டு நோயாளிகளிடம் ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து, "இதை நான் என்ன கேக்கறேன்னு நெனச்சீங்க?" என்று விசாரித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆண், பெண், தமிழ்ப்பள்ளியில் படித்தவர், தேசியப் பள்ளியில் படித்தவர், பள்ளிக்கே போகாதவர் என்று அந்த ஏழெட்டுப் பேரும் கலந்திருக்க வேண்டும்.

கேள்விகள் பொருத்தமானவையா என்று வல்லுநர் குழுவிடமும் கேட்க வேண்டும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 4 வரை பொருத்தப்பாட்டு எண் தருவார். 3 அல்லது 4 தந்தவர்களின் விகிதமே அந்தக் கேள்வியின் உள்ளடக்க ஏற்புடைமைக் குறியெண். ஆறு பேரில் ஐந்து பேர் தந்தால் 0.83, நான்கு பேர் மட்டுமே என்றால் 0.67. குழுவில் ஆறு பேரோ அதற்கு மேலோ இருக்கும்போது 0.78க்குக் குறைந்த கேள்வியைத் திருத்தவோ நீக்கவோ வேண்டும் என்பது வழக்கமான வரம்பு. அந்த ஆறு பேரில் ஒருவராவது மருத்துவமனையில் நெடுநாள் தங்கிய அனுபவமுள்ள நோயாளியாக இருப்பது நல்லது. பட்டம் பெற்றவர்கள் மட்டுமே வல்லுநர்கள் என்று கொண்டால் மீண்டும் 'ஒத்துணர்வு' என்ற சொல்லுக்கே வந்து சேர்வோம்.

நோயாளியிடம் கேட்கும் இடமும் ஆளும்

சீருடையில் இருப்பவர் கேட்டால் உண்மை வராது. இன்னும் இரண்டு நாள் அதே படுக்கையில் இருக்கப் போகிறவர், இரவு இரண்டு மணிக்குத் தமக்குப் படுக்கைக்கலம் கொண்டு வரப்போகும் தாதியைப் பற்றி எப்படிக் குறை சொல்வார்? அதனால் வார்டோடு தொடர்பில்லாத, தமிழ் பேசும் ஒருவர் கேட்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பும் தாள் கைக்கு வந்த பிறகு, மருந்துக்காகக் காத்திருக்கும் வேளையில், வார்டுக்கு வெளியே கேட்பது நல்லது. மகனோ மகளோ உடனிருந்தால், "அம்மாவே சொல்லட்டும்" என்று பணிவாகக் கூறி, அவர்களிடம் தனிப் படிவத்தில் கேளுங்கள். பிள்ளைகளின் மனக்குறையும் முக்கியமானதே. ஆனால் அது வேறு தரவு.

மனநிறைவுக் கேள்விகளோடு, அறிவைச் சோதிக்கும் கேள்வி ஒன்றையேனும் சேருங்கள். "வீட்டுக்குப் போனதும் இதுல முதல்ல எந்த மருந்து?" என்று கேட்டு, சொன்னது சரியா என்று குறித்துக்கொண்டால், தலையாட்டலுக்கும் புரிதலுக்கும் இடையிலுள்ள தூரம் எண்ணாகவே கிடைத்துவிடும்.

அருகில் நின்று பார்ப்பது

பார்வையாளரின் படிவத்தில் 'நன்று', 'மிக நன்று' என்ற சொற்களுக்கு இடமில்லை. ஒவ்வொரு நிலையிலும் என்ன நடந்தது என்றே எழுத வேண்டும். புரிதலைச் சரிபார்த்தல் என்ற செயலுக்கு நான் பயன்படுத்தும் நிலைகள் இவை. விளக்காவிட்டாலோ, விளக்கிவிட்டு நகர்ந்துவிட்டாலோ 0. "புரிஞ்சுதா?" என்றோ மலாயில் "ஃபாஹாம்?" என்றோ மட்டும் கேட்டால் 1. நோயாளியையே தம் சொற்களில் திருப்பிச் சொல்ல வைத்தால் 2. சொன்னதில் இருந்த பிழையைத் திருத்தி, மீண்டும் சொல்ல வைத்தால் 3. இப்படி எழுதிவிட்டால், புதிய பார்வையாளரும் பழைய பார்வையாளரும் ஒரே எண்ணைத் தரும் வாய்ப்பு கூடுகிறது.

பினாங்கு வார்டுகளில் மொழியை எப்படிக் கணக்கில் எடுப்பது என்பது கடினமான கேள்வி. தமிழ் தெரியாத மலாய் அல்லது சீனத் தாதியை அதற்காகக் குறைத்து மதிப்பிடுவது அநியாயம். அவர் வழி தேடினாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும்: நோயாளியின் மலாய் எவ்வளவு தூரம் எட்டும் என்று சோதித்தாரா, தமிழ் பேசும் பணியாளரை அழைத்தாரா, படம் வரைந்தாரா, மருந்துறையில் சூரியனும் நிலாவும் போட்டுக் காட்டினாரா? 'சாக்கிட்' என்ற ஒற்றை மலாய்ச் சொல் நோய்க்கும் ஆகும், வலிக்கும் ஆகும். சுருக்கென்று குத்துவதையும், கடுகடுவென்று கடுப்பதையும், தீயாய் எரிவதையும் தமிழில் தனித்தனியே சொல்லக்கூடிய பாட்டி, சந்தையில் கற்ற மலாயில் அவை எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்லையே சொல்வார். அத்தோடு நிறுத்தாமல், விரலால் குத்திக் காட்டியும் கையைப் பிசைந்து காட்டியும் எந்த வகை வலி என்று கேட்டறியும் தாதிக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாவிட்டாலும் அவருடைய உறவாடல் திறன் உயர்ந்ததே. மறுபக்கம், தமிழ் தெரிந்த தாதி 'வா, போ' என்று ஒருமையில் பேசினால் அதைப் பதிவுசெய்ய வேண்டும். நாற்பத்தைந்து வயதுப் பெண்ணைப் 'பாட்டி' என்பதும், ஓய்வுபெற்ற ஆசிரியர் 'ஐயா' என்ற அழைப்பை எதிர்பார்த்திருக்க 'அங்கிள்' என்பதும் சிறு செயல்களே. ஆனால் அந்த ஒரு சொல்லில் உறவு மூடிக்கொள்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

தமிழ்த் தாதியரின் மறைமுகச் சுமையையும் படிவத்தில் குறிக்க இடம் விடுங்கள். பக்கத்து வார்டிலிருந்து "கொஞ்சம் வந்து பேசிட்டுப் போங்க" என்று அழைப்பு வரும். போய்ப் பேசிவிட்டு வருவதற்குள் தம் நோயாளிகளுக்கான நேரம் குறைந்துவிடும். இது எங்கும் எழுதப்படாவிட்டால், பிறருக்கு உதவியவரே மதிப்பெண்ணில் தாழ்ந்து நிற்பார்.

பார்க்கப்படுகிறோம் என்ற உணர்வால் நடத்தை மாறுவது இயல்பு. முதல் இரண்டு அமர்வுகளின் பதிவைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது என் வழக்கம்; அதன் பிறகு வேலையின் நெருக்கடியில் பார்வையாளரை மறந்துவிடுகிறார்கள். தைப்பூசம், சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் ஆகியவற்றை ஒட்டி விடுப்பு மிகுந்து ஆள் குறையும் நாட்களில் அளக்காதீர்கள். அளந்தாலும் தனியே குறித்து வையுங்கள். காலை ஷிஃப்டில் மட்டும் பார்த்துவிட்டு ஒருவரின் திறனை முடிவுசெய்வதும் தவறு.

மாணவத் தாதியருக்கு, 1975ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்டு ஹார்டனும் சகாக்களும் அறிமுகப்படுத்திய, நிலையம் நிலையமாகச் செல்லும் செய்முறைத் தேர்வு பொருந்தும். ஒரு நிலையத்தில், பயிற்சி பெற்ற தமிழ் பேசும் முதியவர் ஒருவர் நோயாளியாக அமர்ந்திருக்கட்டும். தேர்வாளரின் மதிப்பெண்ணோடு அவருடைய மதிப்பெண்ணும் தனியே பதிவாகட்டும். இது கற்றதைக் காட்டும் மேடை; இரவு ஷிஃப்டின் கடைசி மணி நேரத்தில் அதே மாணவி எப்படிப் பேசுவார் என்பதை இது சொல்லாது.

இரண்டு கண்கள் ஒத்துப்போகின்றனவா

ஒரே சந்திப்பை இரண்டு பார்வையாளர்கள் தனித்தனியே பதிவுசெய்ய வேண்டும், குறைந்தது தொடக்கத்திலாவது. எடுத்துக்காட்டாக, 'தாதி தம் பெயரைச் சொன்னாரா' என்பதை 40 சந்திப்புகளில் இருவர் பார்த்தார்கள் என்று கொள்வோம். 24இல் இருவரும் 'ஆம்', 8இல் இருவரும் 'இல்லை', 5இல் முதலாமவர் மட்டும் 'ஆம்', 3இல் இரண்டாமவர் மட்டும் 'ஆம்'. ஒத்துப்போனவை 32, அதாவது 80 விழுக்காடு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முதலாமவர் 29 முறையும் இரண்டாமவர் 27 முறையும் 'ஆம்' என்றிருப்பதால், கண்ணை மூடிக்கொண்டு குறித்திருந்தாலும் தற்செயலாக ஏறத்தாழ 58 விழுக்காடு ஒத்துப்போயிருக்கும். ஜேக்கப் கோஹன் 1960ஆம் ஆண்டில் தந்த கப்பா என்ற குறியெண் இந்தத் தற்செயலைக் கழித்துவிடுகிறது: 0.80இலிருந்து 0.579ஐக் கழித்து, 1இலிருந்து 0.579ஐக் கழித்ததால் வகுத்தால் 0.53 கிடைக்கும். லாண்டிஸும் கோக்கும் 1977ஆம் ஆண்டில் வகுத்த பிரிவுப்படி இது நடுத்தரமான ஒப்புதல், 0.61ஐத் தாண்டினால்தான் கணிசமானது. 0.53 வந்தால் தாதியரை அளப்பதை நிறுத்திவிட்டு, முதலில் பார்வையாளர்கள் உட்கார்ந்து எங்கே வேறுபட்டார்கள் என்று பேச வேண்டும். பெயரட்டையைக் காட்டியதைப் பெயர் சொன்னதாக ஒருவர் எடுத்திருப்பார். மற்றவர் எடுத்திருக்க மாட்டார். 0 முதல் 3 வரையிலான நிலைகளுக்கு, சிறு வேறுபாட்டைவிடப் பெரிய வேறுபாட்டை அதிகப் பிழையாகக் கணக்கிடும் எடையிட்ட கப்பாவைப் பயன்படுத்துங்கள்.

எண்களை வாசிப்பது

வினாநிரலின் கேள்விகள் ஒன்றோடொன்று இசைந்து போகின்றனவா என்பதற்குக் குரோன்பாக் ஆல்ஃபாவைக் கணக்கிடுவது வழக்கம், 0.70க்கு மேல் இருந்தால் ஏற்கலாம். 0.95ஐத் தாண்டினால் மகிழ வேண்டாம்: ஒரே கேள்வியை வேறு சொற்களில் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறோம் என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். விடை சொன்னவர்களில் 15 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் உச்ச மதிப்பெண்ணையே தந்தால், அந்தக் கருவியால் நல்லவரையும் மிக நல்லவரையும் பிரிக்க முடியாது. நம் ஊர் நோயாளிகளின் மரியாதையால் இது அடிக்கடி நேர்கிறது. மேலே சொன்ன அறிவுக் கேள்வியின் தேவையும் இதனால்தான்.

பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளந்து, 38 என்பது 42 ஆனதும் 'முன்னேற்றம்' என்று அறிக்கை எழுதுவது பரவலான தவறு. 10 முதல் 50 வரையிலான ஒரு கருவியின் திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு) 6 என்றும், மீள்சோதனை நம்பகத்தன்மை (மீண்டும் அளந்தால் அதே மதிப்பெண் வரும் அளவு) 0.84 என்றும் கொண்டால், 1இலிருந்து 0.84ஐக் கழித்து, அதன் வர்க்கமூலத்தை 6ஆல் பெருக்கக் கிடைக்கும் அளவீட்டின் திட்டப்பிழை 2.4. அதை 2.77ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 6.6 வரும். ஒருவரின் மதிப்பெண் ஏழு புள்ளியாவது நகர்ந்தால்தான், அது அளவுகோலின் தள்ளாட்டமல்ல, உண்மையான மாற்றம் என்று 95 விழுக்காட்டு உறுதியோடு சொல்ல முடியும். நான்கு புள்ளியைக் கொண்டு ஒரு தாதியைப் பாராட்டவோ கண்டிக்கவோ எண்களில் ஆதாரமில்லை. மூன்று நான்கு நோயாளிகளின் விடையை வைத்தும் தனியொருவரைப் பற்றி முடிவுக்கு வராதீர்கள். இருபது சந்திப்புகளுக்குக் குறைந்தால் நான் தனி மதிப்பெண்ணை வெளியே சொல்வதில்லை.

அனுமதி

சுகாதார அமைச்சின் மருத்துவமனையில் இதை ஆய்வாக நடத்துவோர் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து, அமைச்சின் மருத்துவ ஆய்வு, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். பல்கலைக்கழக மருத்துவமனைகளுக்குத் தனிக் குழுக்கள் உண்டு. தனியார் மருத்துவமனைகளில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பொருந்தும். வார்டுக்குள் தர மேம்பாட்டுக்காக மட்டும் என்றாலும், ஆய்வுக்கான அனுமதி வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. நோயாளிக்கும் தாதிக்கும் மறுக்கும் உரிமை உண்டு. மறுத்ததால் கவனிப்பிலோ பணிமதிப்பீட்டிலோ எதுவும் மாறாது என்பதைத் தமிழிலும் எழுதிக் கொடுங்கள்.

அளந்ததைத் தாதியிடம் கொண்டுசேர்ப்பது

நான் பணியாற்றிய ஓரிடத்தில், மதிப்பெண்களை வரிசைப்படுத்தி, பெயரோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். கடைசியில் இருந்தவர், இரண்டு வார்டுகளுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்த தாதி. அவர் அதன் பிறகு பக்கத்து வார்டின் அழைப்புக்குப் போகவில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பட்டியலால் எத்தனை முதியவர்கள் விளக்கம் கிடைக்காமல் வீடு போனார்கள் என்று நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. பெயரோடு கூடிய வரிசைப் பட்டியலை எந்தக் காரணத்துக்காகவும் வெளியிடாதீர்கள். தனி மதிப்பெண் அந்தத் தாதிக்கும் அவருடைய பயிற்றுநருக்கும் மட்டுமே உரியது.

இருவரும் தனியறையில் உட்காருங்கள். மதிப்பெண்ணை முதலில் காட்டாதீர்கள். பார்வையாளர் எழுதிவைத்த உரையாடல் ஒன்றை, இருவரும் பேசிய சொற்களோடு, அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். "அப்போ நீங்க என்ன நெனச்சீங்க?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும் வரை காத்திருங்கள். ஆள் பற்றாக்குறை, மொழி, களைப்பு என்று காரணங்கள் வரும். அவை சாக்குகள் அல்ல, தரவுகள். குறித்துக்கொண்டு, வார்டுத் தலைமைச் சிஸ்டரிடம் கொண்டுசெல்ல வேண்டியவற்றைப் பிரித்து வையுங்கள். பிறகு ஆறு செயல்களில் ஒன்றை மட்டும் அவரே தேர்ந்தெடுக்கட்டும். திருப்பிச் சொல்ல வைத்தலைத் தேர்ந்தெடுத்தால், அதற்கான வாசகத்தைத் தமிழிலும் மலாயிலும் அவர் வாயாலேயே இரண்டு முறை சொல்லிப் பார்க்கச் செய்யுங்கள். மூன்று மாதம் கழித்து அதே இரண்டு பார்வையாளர்கள், அதே ஷிஃப்டில், அந்த ஒரு செயலை மட்டும் மீண்டும் பார்க்கும் தேதியை அன்றே பணிப்பட்டியலில் எழுதிவிடுங்கள்.